வண்டியக்கா விற்ற நீலக் கட்டில்

எங்கள் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் ஒருமுறையாவது ஏமாந்திருப்பார்கள். கூரையை நன்றாக இறக்கிவிட்ட குழந்தை வண்டி ஒன்றை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வருவாள். வண்டிக்குள் எட்டிப் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்? "என்ன குழந்தைங்க?" என்று கேட்டபடியே குனிந்து கூரையை விலக்குவார்கள். உள்ளே பால்புட்டி கொதிக்கவைக்கிற பாத்திரமும், அதன்மேல் ஒரு வாக்கரும், வாக்கரின் மடியில் ஒரு 'ஆய்' நாற்காலியும் சொகுசாகப் படுத்திருக்கும்.

"இப்பத்தான் தூங்க ஆரம்பிச்சாங்க. எழுப்பிடாதீங்க" என்பாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

வண்டியக்கா என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ஓட்டுப் போடப் போகிற அன்றைக்கு மட்டும் வெளியே வரும்.

நான் தையல்காரி. என் கடைக்கும் அவள் கடைக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தச் சுவரில் மேலே ஓர் அடி உயரத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். அதனால் இருபது வருஷத்துக்கு மேலாக நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். என் மெஷின் சத்தம் நின்றால், "என்னடி, நூல் அறுந்துபோச்சா, மனசு அறுந்துபோச்சா?" என்று மேலிருந்து குரல் வரும். அவள் கடையில் சக்கரத்தின் கிறீச்சுச் சத்தம் கேட்டால், "எண்ணெய் போடு அக்கா, பல் கூசுது" என்று நான் கத்துவேன்.

இந்த வியாபாரத்தை அவள் யோசித்து ஆரம்பிக்கவில்லை. அது அவளுக்கு வந்து வாய்த்தது. அக்காவுக்கு முதல் பிரசவத்திலேயே இரட்டைப் பெண்கள். அவள் புருஷன் லாரி டிரைவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். ஒருத்தியை இடுப்பில், இன்னொருத்தியைத் தோளில் சுமந்துகொண்டு அவள் கடைத்தெருவுக்குப் போய்வருவதைப் பார்த்துவிட்டு, சரக்கு இறக்கப் போன ஏதோ ஓர் ஊரிலிருந்து இரட்டைக் குழந்தை வண்டி ஒன்றை அவர் லாரியில் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல வண்டி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் மகாராணி மாதிரி உட்காரலாம். ஆனால் அந்த அகலத்துக்கு அவர்கள் வீட்டு வாசல் வழிவிடவில்லை. கடைசியில் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தினார்கள். வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் மேலேயும் கீழேயும் போகும்போதெல்லாம் அதில் இடித்துக்கொண்டு, "இது வீடா, பஸ் டிப்போவா?" என்று கத்துவார்.

பெண்கள் நடக்கத் தொடங்கியதும் வீட்டுக்காரர் வாயை அடைப்பதற்காகவே அக்கா வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினாள். ஓர் அட்டையில் 'விற்பனைக்கு' என்று எழுதிக் கைப்பிடியில் கட்டினாள். அன்றைக்குச் சாயங்காலமே ஓர் ஆள் வந்து வாங்கினார். "உங்களுக்கும் இரட்டையா?" என்று அக்கா ஆசையாகக் கேட்டிருக்கிறாள். "இல்லம்மா, ஒண்ணுதான். இன்னொரு சீட்ல காய்கறி வச்சுக்கறேன்" என்றாராம். அடுத்த வாரம் அதே ஆள் தன் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த உயரமான சாப்பாட்டு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதையும் யாருக்காவது தள்ளிவிட்டுடுங்க." நாற்காலியை வாங்க வந்தவள் கட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். கட்டில் விற்றவன் வாக்கரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஒன்றைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று வந்தது. படிக்கட்டுக்கு அடியில் இடம் போதாமல் போனபோது, கத்திக்கொண்டிருந்த வீட்டுக்காரரே என் கடைக்குப் பக்கத்தில் தனக்கு இருந்த பழைய குடைக் கிடங்கைத் திறந்துவிட்டார். "என் முழங்கால் தப்பிச்சா போதும்" என்றார்.

கிடங்கின் உத்தரத்தில் குடைக்காரர்கள் அடித்த கொக்கிகள் வரிசையாக அப்படியே இருந்தன. அக்கா அதில் வண்டிகளை மடித்துத் தொங்கவிட்டாள். கீழே நின்று பார்த்தால் வௌவால் கூட்டம் மாதிரி இருக்கும். தரையில் கட்டில்கள். கட்டில்களுக்குள் நாற்காலிகள். நாற்காலிகளில் சாய்வு மெத்தைகள், தண்ணீர்த் தொட்டிகள், பூனை யானை படம் போட்ட கொசுவலைகள். கடையில் எப்போதும் சோப்புத் தண்ணீரும் பெயிண்டும் பவுடரும் கலந்த ஒரு வாசனை. பால் வாசனை மட்டும் எதைப் போட்டுக் கழுவினாலும் வண்டிகளின் வார்ப்பட்டையை விட்டுப் போகாது என்பாள். அந்த வாசனை எனக்கு இப்போதும் எங்கேயாவது மூக்கில் ஏறினால், கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடுகிறது. அவள் கட்டில்களுக்கெல்லாம் மெத்தை உறை தைத்தது நான்தான்.

விற்க வருகிறவர்களை அக்கா ரொம்ப ஜாக்கிரதையாகக் கையாளுவாள். வாங்க வருகிறவர்களிடம் பேச்சு தூள் பறக்கும். விற்க வருகிறவர்களிடம் அப்படி இல்லை. சாமானைக் கீழே வைத்த பிறகும் அவர்கள் போகமாட்டார்கள். கட்டிலின் கம்பியைத் தடவிக்கொண்டு, "இதுலதான் எழுந்து நிப்பான்... நின்னுட்டு உக்காரத் தெரியாம அழுவான்" என்று தொடங்குவார்கள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போடுவாள். டீ வரும். ஓர் ஆள் தன் மகன் தவழ்ந்த கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "வேண்டாங்க, நானே வச்சுக்கறேன்" என்று கட்டிலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனதும் உண்டு. டீயும் போச்சு, கட்டிலும் போச்சு என்று நான் சுவருக்கு மேலே சிரித்தேன். "போகட்டும் விடு. மகன் காலேஜ் போனதும் தானா வருவாரு" என்றாள்.

கட்டில்களின் மேல்கம்பியில் பல் தடம் இருக்கும். பல் முளைக்கிற குழந்தை கடிக்காத கம்பி உலகத்தில் இல்லை. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துத்தான் விற்பாள். ஒரு தடவை அவள் அப்படித் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாங்க வந்த மாமியார் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "யாரோ கடிச்சதுல எங்க புள்ள படுக்கணுமா?" அக்கா தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. "உங்க புள்ளை கடிக்கப் போறதுல இன்னும் எத்தனை புள்ளைங்க படுக்கப் போகுதோ, அவங்க பாவம் இல்லையா?" என்றாள். மாமியார் சிரித்துவிட்டாள். கட்டில் அன்றைக்கே போய்விட்டது.

இத்தனையும் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடையில் இடம் இல்லாததெல்லாம் வீட்டுக்குப் போனது. பெண்கள் வளர வளர வீட்டில் வந்து தங்கிய சாமானும் விற்றுப் போன சாமானும் கணக்கில் அடங்காது. டிரைவர் வாரம் கழித்து வீட்டுக்கு வந்தால் எங்கே உட்காருவது என்று தெரியாது. ஒருநாள் காலையில் லாரியை விட்டு இறங்கி வந்தவர், தூக்கக் கலக்கத்தில் நாற்காலி என்று நினைத்து 'ஆய்' நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததைப் பார்க்கத் தெருவே கூடியது.

"இந்த வீட்ல எனக்குன்னு இருக்கறது பல்லு தேய்க்கற பிரஷ் ஒண்ணுதான்" என்றார் டிரைவர். "அதையும் வித்துடாத."

பெண்களில் முன்னால் பிறந்தவளை மூத்தவள் என்றும் கால் மணி நேரம் கழித்துப் பிறந்தவளை இளையவள் என்றும்தான் எல்லோரும் சொல்வோம். அந்தக் கால் மணி நேரத்தை வைத்து மூத்தவள் செய்த அதிகாரம் கொஞ்சமில்லை. இளையவள் எங்கே போட்டாலும் தூங்குவாள். கடையில் தொங்கும் வண்டிக்குக் கீழே சாக்கு விரித்தாலும் குறட்டைதான். மூத்தவள் அப்படியில்லை. அவளுக்குத் தன் இடம், தன் தலையணை, தன் பக்கம் என்று எல்லாம் வேண்டும்.

அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் சின்னப் பிள்ளைகள் படுக்கிற மரக்கட்டில் ஒன்று வீட்டுக்கு வந்தது. வெளிர்நீல நிறம். தலைமாட்டில் மேகம் மாதிரி செதுக்கியிருக்கும். கீழே இரண்டு இழுப்பறைகள். மூத்தவள் அதைப் பார்த்த அன்றைக்கே பிடித்துக்கொண்டாள். இழுப்பறையில் தன் சொத்தையெல்லாம் போட்டு அடைத்தாள். என் கடையிலிருந்து பொறுக்கிய துண்டுத் துணிகள், உடைந்த பட்டன்கள், அப்பா கொண்டுவந்து கொடுத்த லாரி விளக்கின் சிவப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்ப்பாள். "சித்தி, நீ சிவப்பா இருக்க" என்பாள் என்னிடம். பல மாதங்கள் அந்தக் கட்டில் அங்கே இருந்தது. விற்பனைக்கு உள்ளது என்பதையே நாங்கள் மறந்துவிட்டோம்.

ஒருநாள் மத்தியானம் ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். மூத்த குழந்தையைத் தொட்டில்கட்டிலிலிருந்து எழுப்பினால்தான் வரப்போகிற குழந்தைக்கு இடம் இருக்கும். அவனுக்கு ஒரு கட்டில் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றார்கள். கடையில் எதுவும் சரிப்படவில்லை. அக்காவுக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது. வீட்டுக்குக் கூட்டிப் போனாள். இழுப்பறையில் இருந்ததை ஒரு பையில் கொட்டி, கட்டிலைத் துடைத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் மூத்தவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். கட்டில் இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது.

"அம்மா, என் கட்டில் எங்க போச்சு?"

"அது நடக்க ஆரம்பிச்சிடுச்சுடி, கிளம்பிப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டாள் அக்கா, அவசரத்தில் வாயில் வந்ததை. மூத்தவள் உடனே வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அது எந்தப் பக்கம் நடந்து போனது என்று.

இது எங்கள் தெருவில் பெரிய நகைச்சுவைக் கதை ஆகிவிட்டது. அக்கா அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! வாங்க வருகிறவர்கள் தயங்கும்போது சொல்லுவாள், உறவுக்காரர்கள் வந்தால் சொல்லுவாள். மூத்தவளின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொன்னாள். அந்த ஓட்டத்தையும் அந்தக் குழந்தை கழுத்தை நீட்டிப் பார்த்ததையும் நடித்தே காட்டுவாள். நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிப்போம். மூத்தவளும் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

பெண்கள் இருவருக்கும் கல்யாணம் ஆனது. இளையவள் வேறு ஊருக்குப் போனாள். மூத்தவள் அதே ஊரில், பஸ்ஸில் போனால் அரைமணி நேரத் தூரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தாள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு அக்கா கடையில் யாரையும் சாமானைத் தொடவிடவில்லை. "பொறுங்க, பொறுங்க, என் பேரப்புள்ளைக்கு எடுத்தது போக மீதிதான் உங்களுக்கு" என்றாள்.

அடுத்த சில மாதங்கள் அவள் தேடித் தேடிச் சேர்த்தாள். தேக்குக் கட்டில் ஒன்று. கம்பி ஒவ்வொன்றையும் கண்ணாடி மாதிரி இழைத்தாள். சத்தமே போடாத சக்கரத்தோடு ஒரு வண்டி. நான் மெத்தைக்கு உள்ளே புதுப்பஞ்சு வைத்து, வெளியே சலவைக்கு நிற்கிற வெள்ளைத் துணியில் உறை தைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் ஒரு சின்ன வேனைக் கேட்டு வாங்கி வந்தார். கட்டிலை ஏற்றினோம். வண்டியை மட்டும் வேனில் ஏற்ற அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் மடித்து எடுத்துக்கொண்டு போய், மகள் வீட்டுத் தெருமுனையில் விரித்து, கூரையை இறக்கி, தள்ளிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். நானும் கூடப் போனேன்.

மூத்தவள் கதவைத் திறந்தாள். வண்டியைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் இன்னொரு முனையில் மாப்பிள்ளையும் ஏறி வருவதைப் பார்த்தாள்.

"அம்மா, இதெல்லாம் வேணாம்."

"என்னடி வேணாம்? தேக்கு. உன் மகன் கல்யாணம் வரைக்கும் வரும்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் புதுசு வாங்கப் போறேன்."

"புதுசுல என்ன இருக்கு? ஒட்டுப்பலகைய ஒட்டி வச்சிருப்பான்..."

"அம்மா." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு ஒட்டுப்பலகையே போதும். என் புள்ளைக்குன்னு வந்து, என் புள்ளைகிட்டயே இருக்கணும். அவ்வளவுதான்."

அக்காவுக்கு விளங்கவில்லை. "இது எங்கடி போயிடப் போகுது?" என்றாள்.

மூத்தவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். "பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே நான் நின்னுடுவேம்மா. உள்ள போனா எது இருக்கும், எது இருக்காதுன்னு தெரியாது. படியேறும்போதே எட்டி எட்டிப் பாப்பேன். அந்த நீலக் கட்டில் கதையை நீ சொல்றப்பல்லாம் எல்லாரும் சிரிச்சீங்க. அது நடந்து போயிடுச்சுன்னு நான் நிஜமாவே நம்பினேன். ரொம்ப நாள், அதுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சிட்டிருந்தேன்."

மாப்பிள்ளைதான் பாவம், கட்டிலின் முனையைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசியில் டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, அப்படியே திருப்புங்க. இறக்கிடுவோம்."

திரும்பி வரும்போது அக்கா வண்டியை மடித்தே எடுத்து வந்தாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் சுவருக்கு மேலே சத்தமே இல்லை. நானாகக் கூப்பிட்டால் 'ம்' என்று ஒரு சத்தம் வரும். வாயும் வயிறுமாக ஒரு பெண் வந்து கட்டில் கேட்டாள். அக்கா அவளிடம், "புதுசே வாங்கிக்கோம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. மெஷினை விட்டு எழுந்து போய், "அக்கா, கடையை மூடிடு, இல்ல ஒழுங்கா யாவாரம் பண்ணு. வந்தவளை எதுக்கு விரட்டற?" என்றேன்.

அவள் ஒரு வார்ப்பட்டையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கட்டிலைத் தேடிப் பாப்போமாடி?" என்றாள்.

தேடுவது ஒன்றும் அவளுக்குப் பெரிய காரியமில்லை. எந்த வீட்டுக்கு எது போனது என்று அவளுக்குத் தலையிலேயே இருந்தது. அதிலும் அந்த வீடு மறக்குமா? மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினோம். அன்றைக்கு நிறைமாதமாக வந்த பெண்ணுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. எங்களை உட்காரவைத்து உபசரித்தாள். "அய்யோ, அந்தக் கட்டிலா? என் பையன் அதுல சர்க்கரையைத் திருடிக் கொண்டுபோய் ஒளிச்சு வைப்பான். எறும்பு வரிசையைப் பிடிச்சுக்கிட்டுப் போய்த்தான் நான் கண்டுபிடிப்பேன்" என்று சிரித்தாள். அவன் வளர்ந்த பிறகு கட்டிலை அவள் தன் தங்கைக்குக் கொடுத்திருந்தாள்.

தங்கை பார்லர் வைத்திருந்தாள். யாருக்கோ முடிக்குச் சாயம் பூசிக்கொண்டே பேசினாள். அவள் மகள் அந்த இழுப்பறையில் ஒரு பூனைக்குட்டியை வைத்து வளர்த்திருக்கிறாள். மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லையாம். "அப்புறம் நாங்க வீடு மாறினப்ப பக்கத்துத் தெரு குழந்தைகள் காப்பகத்துக்குக் குடுத்துட்டோம். இன்னும் இருக்கும், போய்ப் பாருங்க."

காப்பகத்துக்குப் போகிற வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தாள். கிடைத்தால் பெயிண்ட் அதே நீலத்தில் அடிக்க வேண்டும். அந்த நீலம் இப்போது கிடைக்குமா? கொஞ்சம் வெள்ளை கலந்தால் வரும். எப்படியும் மகள் ஒத்துக்கொள்ளமாட்டாள். ஆனாலும் கொண்டுபோய்க் காட்டலாம் இல்லையா?

காப்பகத்தின் கதவைத் தட்டினோம். அதை நடத்துகிற அம்மாள் எங்களைப் பார்த்ததும், "வண்டியக்கா!" என்று கூவினாள். உள்ளே போய்ப் பார்த்தால் பாதிச் சாமான் அக்கா கடையிலிருந்து போனது. பச்சை நாற்காலி, கொக்கி மாற்றிய ஊஞ்சல், நான் தைத்த மெத்தை உறைகள்கூட இரண்டு இருந்தன, வெளுத்துப்போய். மத்தியானத் தூக்க நேரம். வரிசையாகப் பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

அக்கா குரலைத் தாழ்த்தி நீலக் கட்டிலைப் பற்றிக் கேட்டாள்.

"அது ரொம்ப நாள் உழைச்சுதுக்கா" என்றாள் அந்த அம்மாள். "போன மழையில தண்ணி உள்ள வந்துச்சு பாருங்க, அப்ப காலெல்லாம் உப்பிப்போச்சு. அப்புறம் கரையான். உடைச்சுத்தான் போட்டோம்."

அக்கா தலையை ஆட்டினாள். வாசல் பக்கத்தில் இருந்த ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் மார்பைத் தொட்டது. தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தாள். ஒரு பையன் புரண்டு படுத்தபோது எழுந்து போய்ப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில்தான் சொன்னாள். "ஊர்ப் புள்ளைங்க எல்லாத்துக்கும் படுக்க இடம் பாத்துக் குடுத்தேன். என் புள்ளையத்தான் எழுப்பி விட்டுட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவள் மூக்கை உறிஞ்சினாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராக மகள் வீட்டுக்குப் போனோம். மூத்தவள் ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"உன் கட்டிலைத் தேடிட்டுப் போனேன்" என்றாள் அக்கா நின்றபடியே. "கிடைக்கலைடி. உடைச்சுட்டாங்களாம்."

"எதுக்கும்மா அதைப் போய்த் தேடின?"

"உன்னைக் கேக்காம குடுத்துட்டேன்ல."

மூத்தவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "யார் யார் படுத்தாங்களாம் அதுல?" என்று கேட்டாள்.

அக்கா சொன்னாள். சர்க்கரைத் திருடனையும் எறும்பு வரிசையையும் சொன்னாள். பூனைக்குட்டியைச் சொன்னபோது, "மூணு நாளாவா? கத்தலையா அது?" என்று மூத்தவள் குறுக்கே கேட்டாள். காப்பகத்தைப் பற்றி நான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "என் சிவப்புக் கண்ணாடி அந்தப் பையில இருந்துச்சாம்மா?" என்றாள். பை எங்கே போனது என்று அக்காவுக்கு நினைவில்லை. இருவரும் ஒரே சமயத்தில் அழுதார்கள். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. நான் சமையலறைக்குப் போய் டீ போட்டேன். சர்க்கரை டப்பாவைத் தேடி எடுக்க நேரமானது, அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

அடுத்த வாரம் எல்லோருமாகப் புதுச்சாமான் கடைக்குப் போனோம். ஏசி போட்ட பெரிய கடை. அக்காவுக்கு அதுவரை அங்கே நுழைய வேலை இருந்ததில்லை. வாயே திறக்கமாட்டேன் என்று வரும் வழியிலேயே டிரைவரிடம் சத்தியம் செய்துகொடுத்திருந்தாள். சத்தியம் முதல் கட்டில் வரைக்கும்தான் தாங்கியது. அதற்குப் பிறகு கம்பியைப் பிடித்து உலுக்கினாள். தரையில் படுத்து அடிப்பக்கம் பார்த்தாள். விற்பனைப் பையன் பதறிப்போய், "மேடம், டிஸ்பிளே பீஸ்!" என்றான்.

"டிஸ்பிளேல படுக்கற புள்ளையாப்பா வரப்போகுது?" என்றாள் அக்கா தரையிலிருந்து.

மூத்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெள்ளைக் கட்டில் ஒன்றை எடுத்தாள். அது அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வந்தது. மாப்பிள்ளையும் டிரைவரும் பூட்டினார்கள். அக்கா பக்கத்தில் நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மெத்தைக்கு உறை மட்டும் நான் தைத்ததைப் போட மூத்தவள் ஒத்துக்கொண்டாள். அதுவும் புதுத்துணிதானே.

பேத்தி பிறந்தாள். தேக்குக் கட்டில் கொஞ்ச நாள் கடையில் நின்று, ஓர் ஆசிரியர் வீட்டுக்குப் போனது. அக்கா பழையபடி பேசத் தொடங்கினாள். ஆனால் ஒரு மாற்றம் வந்தது. யாராவது தவழ்கிற வயது தாண்டிய பிள்ளையோடு சாமான் விற்க வந்தால், முதலில் அந்தப் பிள்ளையிடம் குனிந்து, "குடுத்துடலாமா?" என்று கேட்பாள். பிள்ளை தலையை ஆட்டினால்தான் வாங்குவாள். இதனால் நல்ல நல்ல சாமான்களெல்லாம் கைவிட்டுப் போயின. ஒரு தகப்பன் கோபத்தில், "மூணு வயசுப் பையன்கிட்டயா பேரம் பேசறீங்க?" என்றான். "அவன்தானே படுத்தான், நீங்களா படுத்தீங்க?" என்றாள். நீலக் கட்டில் கதையை அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மூத்தவளே தன் மகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவள் சொன்ன கதையில் கட்டில் நடந்து போய், சர்க்கரை தின்று, பூனைக்குட்டி போட்டது.

இரண்டாவது குழந்தைக்கும் அந்த வெள்ளைக் கட்டிலே வந்தது. பரணிலிருந்து இறக்கும்போது டிரைவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இப்ப இது செகண்ட் ஹேண்ட் தானே?" என்றார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். "வீட்டுக்குள்ளேயே கை மாறினா கணக்கில்லைப்பா" என்றாள் மூத்தவள்.

பிறகு அக்காவுக்கு முழங்கால் வலி வந்தது. வண்டி தள்ள முடியவில்லை. டிரைவரும் லாரியை விட்டு இறங்கினார். சாமான்கள் ஒவ்வொன்றாகப் போயின. புதிதாக எதுவும் வரவில்லை. இருவரும் இளையவள் இருக்கிற ஊருக்குக் குடிபோனார்கள். குடைக் கிடங்கில் இப்போது செல்போன் கடை. சுவரின் இடைவெளியை ஏசிக்காக அடைத்துவிட்டார்கள். பையன்கள் நல்ல பையன்கள்தான். ஆனால் அவர்களுக்குள் பேசிக்கொள்வதே இல்லை. ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அக்கா போன் பண்ணுவாள். நான் ஸ்பீக்கரில் போட்டு மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தைப்பேன். அவள் அங்கே படுத்துக்கொண்டு பேசுவாள். யார் வீட்டில் யார் உண்டாகியிருக்கிறார்கள், தெருமுனையில் சாவி செய்கிறவர் கடையை மாற்றினாரா, வீட்டுக்காரருக்கு இப்போது கண் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். சில நாள் பேச ஒன்றும் இருக்காது. அப்போதும் வைக்கமாட்டாள். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண் அசந்துவிடுவாள். அவள் மூச்சு சீராக வருகிறவரை நான் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டிருப்பேன்.